கணக்கு மாறவில்லை, சொல் மாறியது

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர்ச் சீனமொழிப் பள்ளியில் கணக்கு கற்பித்து ஓய்வுபெற்ற உங்கள் அண்டைவீட்டு ஆசிரியரைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். பயிற்றுமொழியை ஆங்கிலமாக்கிய கொள்கையை அதில் குறைகூறியிருந்தீர்கள். 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாகும் என்று 1983-இல் அரசு அறிவித்தபோது, சீனவழியில் முதல் வகுப்புக்கு வரப் பிள்ளைகளே ஏறக்குறைய இல்லை. பெற்றோர் முன்பே முடிவெடுத்துவிட்ட ஒன்றுக்காகக் கொள்கையைக் குறைகூறுவது நியாயமா? என் தாத்தாவும் அங்கே தமிழ்ப்பள்ளியில் கணக்கு கற்பித்தவர்தான். அவர் இதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெற்றோர்தான் முடிவெடுத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. 1956-இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தின் அனைத்துக்கட்சிக் குழு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்ற நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. ஆனால் அரசு வேலையும், விடுதலைக்குப் பின் வந்த பன்னாட்டு நிறுவனங்களின் வேலையும் ஆங்கிலம் படித்தவர்களுக்கே எளிதாகக் கிடைத்தன. பிள்ளையின் பிழைப்பை எண்ணிப் பள்ளியைத் தேர்ந்த தாயையும் தந்தையையும் நான் ஒருபோதும் குற்றம் சொல்லமாட்டேன்.

எனினும், அந்தத் தேர்வு கொள்கைக்கு வெளியே நின்று நடந்ததன்று. சிங்கப்பூரை மலேசியாவுடன் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். மலேசியாவில் 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சீன இடைநிலைப்பள்ளிகளை அரசு உதவிக்காகப் பயிற்றுமொழியை மாற்றச் சொன்னது. மறுத்தவை உதவியை இழந்து, கட்டணத்தாலும் நன்கொடையாலும் தனித்து நின்றன. ஆனால் சீனத் தொடக்கப்பள்ளிகளும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளும் அரசின் கல்வி அமைப்புக்குள்ளேயே தொடர்ந்தன. அங்கே இன்றும் பெரும்பாலான சீனப் பெற்றோர் சீனப்பள்ளியையே தேர்கிறார்கள்; மலாய்ப் பெற்றோரிலும் தமிழ்ப் பெற்றோரிலும் சிலர் பிள்ளைகளை அங்கு அனுப்புகிறார்கள். பிள்ளையின் பிழைப்பைப் பற்றிய கவலை இரண்டு கரையிலும் ஒன்றுதான். திறந்திருந்த வாசல்களே வேறு.

ஆசிரியரிடம் வருகிறேன். அவர் சிங்கப்பூரில் சீனவழியில் கற்பித்த நன்யாங் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். டிரைஷா எனும் மூன்றுசக்கர மிதிவண்டி ஓட்டியவர்கள்கூட ஒருநாள் வருமானத்தைக் கொடுத்து எழுப்பிய அந்தப் பல்கலைக்கழகம் 1956-இல் வகுப்புகளைத் தொடங்கி, 1980-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஜனவரியில், இனி ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்று அவருக்குப் பள்ளியில் சொன்னார்கள். மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போய், இரவில் மறுநாள் பாடத்தை வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்தார். அவர் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: "கணக்கு மாறவில்லை. ஒரு பிள்ளை புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அதே வாக்கியத்தைத்தான் இன்னும் சத்தமாகச் சொல்வேன்."

என் கட்டுரை பேசியது இந்த இழப்பைப் பற்றித்தான். மாண்டரின் பேசுங்கள் என்ற அரசு இயக்கம் 1979-இல் தொடங்கி, சீனப் பொதுமொழியான மாண்டரினைக் கடைக்கும் சந்தைக்கும் கொண்டு சென்றது. ஆனால் பின்னங்களையும் வடிவியலையும் அந்த மொழியில் இருபது விதமாக விளக்கத் தெரிந்த ஒருவர், இரண்டாம் மொழிப் பாடத்துக்கு மாற்றப்பட்டு, அந்த விளக்கங்களை யாருக்கும் தராமலே ஓய்வுபெற்றார். பயிற்றுமொழி மாற்றம் தவிர்க்க முடியாததாகவே இருந்திருக்கலாம். அந்த ஆசிரியர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்வழிக் கல்வி இதைவிட ஓசையின்றி முடிந்தது. சிங்கப்பூரின் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. உங்கள் தாத்தா வருந்தாமல் இருந்திருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவருடைய பாடக்குறிப்பேடுகள் வீட்டில் எங்காவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னங்களை அவர் தமிழில் எப்படி விளக்கினார் என்று பார்க்க விரும்புகிறேன். ஓரிரு பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?

அன்புடன்