பத்து நாள் முன்னே கிளம்பக் கூடாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலசைப் பறவைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வேலை நிமித்தம் சில ஆண்டுகளாக நெதர்லாந்தில், ஆர்ன்ஹெம் நகரில் இருக்கிறேன். ஊரை ஒட்டி ஹோகே வெலுவே என்ற காடு. மே மாதத்தில் ஒருநாள் அங்கே நடக்கப் போனபோது, ஓக் மரங்களில் எண் எழுதிய மரப்பெட்டிகள் தொங்குவதையும், ஓர் ஆராய்ச்சி மாணவி ஏணி வைத்து ஒவ்வொன்றாகத் திறப்பதையும் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஈப்பிடிப்பான் இவற்றில் கூடு கட்டுகிறது என்றார். இப்போது வசந்தம் முந்திவிடுகிறது, பறவை பிந்திவிடுகிறது, அதனால் குஞ்சுகளுக்குத் தீனி போதவில்லை என்றும் சொன்னார்.

எனக்குச் சில சந்தேகங்கள். சகாராவைத் தாண்டி வழி தவறாமல் வரத் தெரிந்த பறவைக்குப் பத்து நாள் முன்னே கிளம்பத் தெரியாதா? பனியுகங்களைக் கடந்து வந்த உயிர்களாயிற்றே, இதையும் இயற்கையே பார்த்துக்கொள்ளாதா? சிறு வயதில் கோடியக்கரையில் பார்த்த உள்ளான் கூட்டங்களுக்கும் இதே நிலைமைதானா? என் தோட்டம் காட்டை ஒட்டியே இருக்கிறது. ஒரு பெட்டி மாட்டினால் பயனுண்டா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்த பெட்டிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹோகே வெலுவேயில் 1955 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டுப் பெட்டிகளைத் திறந்து, முதல் முட்டை என்றைக்கு, மொத்தம் எத்தனை, எத்தனை குஞ்சு பறந்தது என்று எழுதி வைக்கிறார்கள். பெரிய பட்டாணிக்குருவிக்காகத் தொடங்கிய வேலை அது. நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவான அந்தப் பறவை, குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகாது. அதே பெட்டிகளுக்குப் போட்டியாக வருவதுதான் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான். எடை பன்னிரண்டு, பதின்மூன்று கிராம். கினி, ஐவரி கோஸ்ட், கானா பக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் பறந்து ஏப்ரல் பின்பாதியில் வந்து சேரும். ஆண்கள் முதலில், பெண்கள் சில நாள் கழித்து.

அடுத்த முறை போகும்போது மரத்தடியையும் பாருங்கள். சதுரச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி ஓக் மரங்களுக்குக் கீழே வைத்திருப்பார்கள். அதில் கருப்புத் துகள்களாக விழுந்து கிடப்பது புழுக்களின் எச்சம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதை எடுத்துப்போய்க் காயவைத்து, இலைத் துணுக்குகளைப் பொறுக்கி நீக்கிவிட்டு நிறுப்பார்கள். எச்சத்தின் எடையும் அந்த நாட்களின் வெப்பநிலையும் தெரிந்தால் மேலே மரத்தில் எவ்வளவு புழு இருக்கிறதென்று கணக்கிட்டுவிடலாம். வசந்தம் முந்திவிட்டது என்று பொதுவாகச் சொல்வது யாருக்கும் எளிது. புழுக்காலத்தின் உச்சம் எந்த வாரம் என்று சொல்ல, ஆண்டுக்கணக்கில் யாராவது இப்படிக் குனிந்து எச்சம் பொறுக்கியிருக்க வேண்டும். இந்த வேலையை எண்ணும்போதெல்லாம் அந்த ஆய்வாளர்கள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்தப் புழு குளிர்கால அந்துப்பூச்சியினுடையது. இறக்கை குறுகிப் பறக்க முடியாத பெண் பூச்சி, குளிர்காலத் தொடக்கத்தில் ஓக் மரத்தில் ஏறி முட்டையிடும். வசந்தச் சூடு கண்டதும் முட்டை பொரியும். புழு தின்பது அப்போதுதான் விரிந்த தளிரை. இலை முற்றித் துவர்ப்பேறிவிட்டால் அதற்கு ஆகாது. அதனால் கிடுகிடுவென்று தின்று வளர்ந்து, நூலிழையில் தொங்கி மண்ணுக்குள் போய்விடும். குஞ்சு வளர்க்கும் பறவைக்கு இந்த ஓரிரு வாரம்தான் அறுவடை. இதை விட்டால் மரத்தில் இலை இருக்கும், புழு இருக்காது.

இப்போது பறவையின் பக்கம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒன்றாக ஆறேழு முட்டை. பிறகு அடைகாக்க இரண்டு வாரம். பொரித்த குஞ்சுக்குப் பசி உச்சத்தை எட்ட இன்னும் பத்து நாள். ஆக, முதல் முட்டையிட்ட நாளிலிருந்து சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் புழு மிகுதியாகத் தேவைப்படுகிறது. எப்போது முட்டையிடுவது என்பதைப் புழு வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். பட்டாணிக்குருவி அதே மரத்தில் உட்கார்ந்து குளிர் குறைவதையும் மொட்டு விடுவதையும் பார்த்து முடிவு செய்கிறது. அதற்கே கணக்குத் தவறுகிறது. ஈப்பிடிப்பானோ கிளம்ப வேண்டிய வாரத்தில் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

அங்கே இருந்துகொண்டு ஆர்ன்ஹெமில் மார்ச் மாதம் சூடாக இருக்கிறதா என்று அறிய அதற்கு வழியே இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. பின் எதை வைத்துக் கிளம்புகிறது? உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரத்தை வைத்து. ஜெர்மனியின் பறவை ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர் வலசைப் பறவைகளைக் கூண்டில் வைத்து, வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், பன்னிரண்டு மணி நேர இருட்டு என்று மாறாமல் கொடுத்துப் பார்த்தார். வெளியே என்ன பருவம் என்பதற்கான தடயமே அவற்றுக்குக் கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு சுற்றாக இறகு உதிர்த்தன. வலசைக் காலம் என்று உடல் சொன்னபோது இரவெல்லாம் தூங்காமல் கூண்டுக் கம்பியில் தத்திக்கொண்டும் இறக்கையை அடித்துக்கொண்டும் இருந்தன. முன்னே கிளம்பத் தெரியாதா என்று கேட்டீர்கள். முன்னே கிளம்ப வேண்டும் என்ற செய்தி அதற்குப் போய்ச் சேருவதே இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சீக்கிரம் வருவதும் ஆபத்துதான். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு குளிரலை அடித்தால் பறக்கும் பூச்சி இருக்காது. பாலைவனத்தைத் தாண்டி மெலிந்து வந்த பறவை பட்டினியில் சாகும். அந்தக் கடிகாரத்தின் நிதானம் எத்தனையோ தலைமுறைகளைக் காப்பாற்றிய நிதானம். இப்போது அதுவே பாதகமாகிவிட்டது.

வந்து சேர்ந்த பிறகு பறவை சும்மா இருக்கவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிறிஸ்டியான் போட், மார்செல் விஸ்ஸர் இருவரும் 2001-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது இதைத்தான். 1980 முதல் 2000 வரையிலான பதிவுகளில் ஈப்பிடிப்பான் முட்டையிடும் தேதி சுமார் பத்து நாள் முன்னே வந்திருந்தது. வந்து சேரும் தேதி முன்னே வரவில்லை. அதாவது, வந்ததற்கும் முட்டையிடுவதற்கும் நடுவே இருந்த ஓய்வைச் சுருக்கிக்கொண்டது. எவ்வளவுதான் சுருக்க முடியும்? பெண் பறவை துணை தேட வேண்டும், காய்ந்த இலையும் புல்லும் கொண்டுவந்து கூடு கட்ட வேண்டும், முட்டைக்கு உடம்பில் சத்துச் சேர வேண்டும். பின்னர் வெளியான அளவீடுகளில் புழுக்களின் உச்சம் ஆண்டுக்கு முக்கால் நாள் வீதம் முன்னே போனது. ஈப்பிடிப்பான் குஞ்சு பொரிக்கும் தேதி அரை நாள் வீதம்தான். ஓராண்டில் கால் நாள் என்பது ஒன்றுமில்லை. இருபது ஆண்டில் அது ஐந்து நாள். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வந்து உட்கார்ந்தவர்களின் கதிதான் அந்தக் குஞ்சுகளுக்கு.

2006-இல் வெளியான முடிவு இன்னும் கடுமையானது. நெதர்லாந்தின் வெவ்வேறு காடுகளை ஒப்பிட்டபோது, புழு சீக்கிரமே உச்சத்தைத் தொடும் காடுகளில் ஈப்பிடிப்பான்கள் இருபது ஆண்டுகளில் சுமார் 90 விழுக்காடு குறைந்திருந்தன. புழு தாமதமாக வரும் காடுகளில் சரிவு சிறியது. ஒரே நாடு, ஒரே பறவை, போய்வரும் வழியும் ஒன்றே. ஆகவே ஆப்பிரிக்காவில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

இயற்கை பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். உங்கள் பக்கமும் ஒரு வலுவான சான்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குவின்னர் 1981-இல் கூட்டிலிருந்து எடுத்து வளர்த்த ஈப்பிடிப்பான் குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார். அதையே, அதே வெளிச்ச ஏற்பாட்டில், 2002-இல் மறுபடி செய்தார்கள். பார்பரா ஹெல்மும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். 21 ஆண்டுகளில் அந்த உள்கடிகாரமே சுமார் ஒன்பது நாள் முன்னே நகர்ந்திருந்தது. ஆக, பறவை மாறுகிறது. வியக்கத்தக்க வேகத்தில் மாறுகிறது.

ஆனால் கடிகாரம் எப்படி நகர்ந்தது என்று யோசியுங்கள். எந்தப் பறவையும் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளவில்லை. முந்தி வரும் இயல்போடு பிறந்தவற்றின் பிள்ளைகள் பிழைத்தன, பிந்தியவற்றின் பிள்ளைகள் பெட்டிக்குள்ளேயே மெலிந்து செத்தன, அல்லது பறந்தும் மறு வருடம் திரும்பவில்லை. இதைத்தான் தகவமைதல் என்கிறோம். இந்தக் கணக்கு நேராவதற்குக் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும், காலமும் வேண்டும். பனியுகம் முடிந்தபோது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. இப்போது கிடைப்பது ஒரு மனித ஆயுளின் பாதி. அதனால், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சாவுகளைக் கணக்கில் எழுதாமல் விடச் சொல்வது அது.

ஒரு நம்பிக்கையான செய்தியும் இருக்கிறது. போட்டும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்து ஈப்பிடிப்பான்களின் முட்டைகளை ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, தெற்கு ஸ்வீடனுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கூடுகளில் வைத்தார்கள். அங்கே வசந்தம் தாமதம். அந்த முட்டைகளில் பொரித்த பறவைகள் ஆப்பிரிக்கா போய் ஸ்வீடனுக்கே திரும்பி, உள்ளூர்க்காரர்களைவிட முன்னதாகவே கூடு கட்டின. முந்திவரும் இயல்பு பிறப்போடு வந்தது, அந்த ஊர்ப் புழுக்காலத்துக்கும் பொருந்தியது. சில பறவைகள் தாமாகவே வடக்கே நகர்ந்தாலும் இதே நன்மை கிடைக்கும். போய்ச் சேரும் இடத்தில் ஏற்ற காடு இருக்க வேண்டும், அவ்வளவே.

கோடியக்கரைக்கு வருவோம். அங்கே குளிர்காலம் கழிக்கும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுபவை. அங்கே பனி உருகியதும் பூச்சிகள் பெருகும் சில வாரங்களே குஞ்சுகளுக்குக் காலம். அந்த இரண்டைப் பற்றியும் முடிவாக எதுவும் சொல்ல நான் முயலமாட்டேன். ஆனால் அவற்றின் உறவுக்காரனான ரெட் நாட் என்ற உள்ளானைப் பற்றி யான் வான் கில்ஸ் குழு 2016-இல் வெளியிட்டது நாம் யோசிக்க வேண்டியது. அது முட்டையிடும் சைபீரியாவின் தைமீர் பகுதியில் 33 ஆண்டுகளாகப் பனி, ஆண்டுக்கு அரை நாள் வீதம் முந்தி உருகிவருகிறது. பூச்சிக்காலம் தவறிய குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகு குட்டையாக வளர்கின்றன. அவை ஆப்பிரிக்காவின் மௌரித்தானியக் கடற்கரைக்குப் போகும்போதுதான் விளைவு தெரிகிறது. சேற்றில் ஆழமாகப் புதைந்திருக்கும் சிப்பியைக் குட்டை அலகு எட்டாது. முதல் ஆண்டிலேயே பல செத்துப்போகின்றன. அடி பட்ட இடம் ஒன்று, சாகும் இடம் வேறொன்று. கோடியக்கரையில் எண்ணிக்கை குறைந்தால் நம் உப்பளத்தையும் இறால் பண்ணையையும் பார்ப்பது சரியே. அதோடு வடக்கே பனி உருகிய தேதியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பெட்டி. மாட்டுங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கை. குளிர்காலம் மிதமாகிவிட்டதால் பட்டாணிக்குருவிகள் பெருகி, ஈப்பிடிப்பான் வருவதற்குள் பெட்டிகளைப் பிடித்துக்கொள்கின்றன. குடியிருக்கும் பெட்டிக்குள் ஈப்பிடிப்பான் நுழைந்தால், பலம் மிக்க பட்டாணிக்குருவி அதைக் கொன்றே விடுவதுண்டு. நெதர்லாந்தில் சில ஆண்டுகளில் ஆண் ஈப்பிடிப்பான்களில் நூற்றுக்கு எட்டொன்பது இப்படிச் செத்திருக்கின்றன. ஆகவே ஒன்றுக்கு இரண்டாக மாட்டுங்கள். ஒன்றைத் திறந்து விடுங்கள், பட்டாணிக்குருவி எடுத்துக்கொள்ளட்டும். மற்றதன் துளையை ஒரு தக்கையால் அடைத்து வைத்து, ஏப்ரல் நடுவில் முதல் ஈப்பிடிப்பானின் பாட்டுக் கேட்டதும் எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஆண் பறவை துளையருகே பாடத் தொடங்கிய தேதியையும், தாயோ தகப்பனோ அலகில் புழுவோடு முதலில் நுழைந்த தேதியையும் குறித்து வைத்து, அந்த மாணவியிடம் கொடுங்கள்.

அன்புடன்.