தொழில்முறை பெண்கள் கால்பந்தில் வெளியூர்ப் பயணம் எப்படி இருக்கும்?

ஊர் சுற்றிப் பார்க்கும் வாழ்க்கை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வீராங்கனைகள் அதிகம் பார்ப்பது விமான நிலையம், ஹோட்டல், மைதானம் இவற்றைத்தான்.

அமெரிக்காவின் தேசிய மகளிர் கால்பந்து லீக்கை எடுத்துக்கொள்வோம். போர்ட்லாந்திலிருந்து ஆர்லாண்டோவுக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. அங்கே காலை எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது உடம்புக்கு அது விடியற்காலை ஐந்து மணி!

ஆட்டத்தைவிடத் திரும்பி வருவதுதான் கடினம் என்பேன். தொண்ணூறு நிமிடம் ஓடிய கால்கள் விமானத்தின் குறுகிய இருக்கையில் மடங்கிக் கிடந்தால் வீங்கிவிடும், தசை இறுகிவிடும். அதனால்தான் பலர் முழங்கால்வரை இறுக்கமான காலுறை போட்டுக்கொள்கிறார்கள், அடிக்கடி எழுந்து நடக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கும். அப்புறம் தூக்கம், இரவு ஆட்டம் முடிந்தால் அது லேசில் வராது.

2013-இல் லீக் தொடங்கியபோது குறைந்தபட்சச் சம்பளம் ஒரு பருவத்துக்கு வெறும் 6,000 டாலர். இந்த அலைச்சலுக்கு அது அநியாயமான கூலி. வீராங்கனைகளின் சங்கம் போராடி 2022-இல் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றபோது அது 35,000 ஆனது. 2024 ஒப்பந்தத்தில் சில பயணங்களுக்குத் தனி விமானமும் கிடைத்தது.