எல்லாவற்றுக்கும் குடல்தான் காரணமா?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராகப் பணிபுரிகிறேன். சில மாதங்களாக மலச்சிக்கலும் முகப்பருவும் மனச்சோர்வும் வாட்டுகின்றன, எடையும் கூடியுள்ளது. குடலைச் சரிசெய்தால் அனைத்தும் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அனைத்தும் என்பது மிகை, தொடர்பு உண்டு என்பது மெய். நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. அவை குடற்சுவரின் செல்களுக்கு எரிபொருளாவதுடன், அழற்சியையும் பசியையும் கட்டுப்படுத்துவதிலும் பங்கேற்கின்றன. உடலிலுள்ள செரட்டோனினில் (மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருள்) ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உருவாவதை வைத்து, தயிர் உண்டால் மனம் தெளிந்துவிடும் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. குடலின் செய்திகள், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, நோயெதிர்ப்பு வேதிப்பொருள்கள் முதலிய வழிகளில் மூளையை எட்டுகின்றன.

பருவைப் பொறுத்தவரை, குடலைவிட ஹார்மோன்களின் பங்கும், இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகளின் பங்கும் தெளிவாக அறியப்பட்டவை. எனவே பணியிடத்தில் அடிக்கடி அருந்தும் சர்க்கரைத் தேநீரையும், உடன் வரும் வர்க்கியையும் (நீலகிரியில் இதைச் சொல்வது பாவந்தான்) குறைத்துப் பாருங்கள். குளிரில் தாகம் தெரியாது. ஆயினும் தண்ணீர் அருந்துங்கள். பீன்ஸ், அவரை, ராகி ஆகியவற்றைப் படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, மலச்சிக்கல், மனச்சோர்வு, எடை கூடுதல் மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால் தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளதா என இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.