கேட்டவர்தானே சொல்ல வேண்டும்?

கேள்வி: அக்கா, மகள் சொன்னாளே என்று ‘தி லஞ்ச்பாக்ஸ்’ பார்த்தோம். சாப்பாட்டு டப்பா ஆள் மாறிப் போகிறது, முகம் பார்க்காத இரண்டு பேர் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள், மனசு ஒட்டிப்போகிறது. கடைசியில் அவர்கள் சந்தித்தார்களா இல்லையா என்றே சொல்லாமல் முடித்துவிட்டார்கள். கேள்வியைக் கிளப்பியவர்தானே பதிலும் சொல்ல வேண்டும்? முழுக் காசு வாங்கிக்கொண்டு முக்கால் படம் காட்டுவது என்ன நியாயம்?
– வாசகர், செம்பூர்

பதில்: 2013-ல் அந்தப் படம் வந்த சமயம் இதே சண்டை மும்பை ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் பெட்டியில் நடந்தது. நானும் அதில் ஒரு கட்சி. அப்போது எனக்குக் கோட்டைப் பக்கம் வேலை. மாலை வண்டியில் சீட் பிடித்தவர்கள் பையிலிருந்து கொத்தவரங்காயை மடியில் கொட்டி ஆய ஆரம்பித்துவிடுவார்கள். குர்லா வருவதற்குள் ராத்திரிச் சமையலில் பாதி வேலை முடிந்துவிடும். காய் ஆய்ந்துகொண்டே கோவண்டியில் இறங்கும் ஒரு மராத்திக்கார அம்மா சொன்னார்: “அந்த ஆள் டப்பாவாலாக்களோடு ரயில் ஏறிவிட்டான். தினமும் அந்த வீட்டு டப்பாவைத் தூக்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரியாத வீடா?” எதிரே நின்றிருந்த சின்னப் பெண் விடவில்லை. “வீடு கண்டுபிடிப்பான், சரி. அவள்தான் மகளோடு பூட்டானுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டாளே. அவன் நாசிக் பாதி வழி போய்த் திரும்பி வருவதற்குள் கிளம்பியிருந்தால்?” நான் கோவண்டி அம்மா கட்சி.

இரண்டு பேருமே ஆசையைச் சொல்லவில்லை, படத்தில் பார்த்ததைச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அவன் டப்பாவாலாக்களோடு ரயில் ஏறியதும் படத்தில் இருக்கிறது, பூட்டானும் இருக்கிறது. ஒரு படம் பதில் சொல்லாமல் முடிந்தால் நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: வெளியே வந்து சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் படத்திலிருந்தே சாட்சி கிடைக்கிறதா? கிடைத்தால் இயக்குநர் தன் வேலையைச் செய்துவிட்டார். வேறு சில படங்களில் மலை உச்சியில் நாயகன் நிற்பான், கேமரா மேலே மேலே போகும், படம் முடிந்துவிடும். ஏன் நின்றான் என்று கேட்டால் “அது உங்கள் பார்வைக்கு” என்பார்கள். அதற்கு உங்கள் கோபம் சரியான கோபம். இயக்குநர் தனக்கே தெரியாததை நம் தலையில் கட்டுகிறார்.

பதில் சொல்லாமலே என்னை உலுக்கிய படம் ஒன்றைச் சொல்கிறேன், தேடிப் பாருங்கள். நம்ம ஊர்ப் படம்தான், மராத்தியில் சைதன்ய தம்ஹாணே எடுத்த ‘கோர்ட்’, 2014. சாக்கடையில் இறங்கி வேலை செய்கிற ஒருவர் இறந்துபோகிறார். தற்கொலைக்குத் தூண்டும்படி பாடினார் என்று ஒரு வயதான நாடோடிப் பாடகரைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். இறந்தவரின் மனைவி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிற காட்சி இருக்கிறது. கணவர் குழிக்குள் முதலில் ஒரு கல்லைப் போடுவாராம். கரப்பான் பூச்சி வெளியே வந்தால் உள்ளே மூச்சு விடக் காற்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவாராம். அந்த அம்மா அழவில்லை, குரல் உயர்த்தவில்லை. கடைசியில் தீர்ப்பு வருவதில்லை, கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டுவிடுகிறார்கள். நீதிபதி உல்லாச விடுதியில் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிறார். குழந்தைகள் கத்தி எழுப்ப, கையில் சிக்கியவனை ஓர் அறை விட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார், படம் முடிகிறது. பாடகர் விடுதலையா என்று தெரியாது. ஆனால் அந்தத் தொழிலாளி எப்படிச் செத்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இதற்கு மேல் தீர்ப்பு எதற்கு?

கேள்வி: ‘நாயகன்’ படத்தில் பேரன் கேட்கிற கேள்விக்குப் படத்தில் பதில் இருக்கிறதா? எங்கள் தெருவில் இன்னும் இதைப் பேசுகிறார்கள்.
– கல்லூரி மாணவி, தாராவி

பதில்: பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம் கண்ணு. 1987-ல் படம் வந்தபோது மாட்டுங்கா, தாராவிப் பக்கம் பேசினதில் பாதி, படத்தைப் பற்றியே இல்லை. படத்துக்கு மூலமாகச் சொல்லப்பட்ட பம்பாய் தாதா வரதராஜ முதலியாரைப் பற்றி. அவரிடம் உதவி வாங்கினவர்களும் இருந்தார்கள், பயந்து ஒதுங்கினவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே வீட்டிலேயே இருந்ததுண்டு. (இன்னொரு பேச்சு, “இது நம்ம தெரு மாதிரியே இல்லையே” என்பது. பெரும்பாலும் சென்னையில் தோட்டா தரணி போட்ட செட் அது. அதற்குத் தேசிய விருதும் வாங்கினார்.)

தாத்தா நல்லவரா, கெட்டவரா என்று பேரன் கேட்கிறான். தெரியவில்லை என்கிறார் வேலு நாயக்கர். நம் ஆட்கள் இதை நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டு தேய்த்துவிட்டார்கள். ஆனால் அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் பார். கோர்ட் அவரை விடுதலை செய்கிறது, அது ஒரு பதில். அவர் கொன்ற போலீஸ்காரரின் மகன், அவரே சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட பிள்ளை, வாசலில் சுட்டுவிடுகிறான், அது இன்னொரு பதில். சுடப்பட்டவரைச் சுற்றி ஊரே அழுகிறது, அது மூன்றாவது. மணிரத்னம் மூன்றையும் வைத்துவிட்டு எதன் மேலும் கை வைக்காமல் விலகிக்கொள்கிறார். அந்தப் பையன் அவர் பராமரித்த பிள்ளை என்பதை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டால் இது சாதாரணப் பழிவாங்கல் கதை, பேரன் கேள்விக்கும் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும்.

உன் தெருவில் யார் எந்தக் கட்சி என்று எழுது.

கேள்வி: ‘அந்த நாள்’ படமே ‘ரஷோமான்’ பார்த்து எடுத்ததுதானே? எது உசத்தி?
– வாசகர், ஆன்டாப் ஹில்

பதில்: பார்த்த பாதிப்பில் எடுத்தது. ஆனால் காப்பி இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமான்’ 1950, எஸ்.பாலசந்தரின் படம் 1954. பாட்டே இல்லாமல் தமிழில் ஒரு படம், அதுவும் அந்தக் காலத்தில்! அந்தத் துணிச்சலுக்கே ஒரு கும்பிடு.

கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்வது இரண்டிலும் உண்டு. ஆனால் அடியில் வேறு வேறு சமாச்சாரம். ‘அந்த நாள்’ படத்தில் சந்தேகப்பட்டவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். அதனால் ஜாவர் சீதாராமனின் துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போய் மனைவியிடம் வந்து நிற்க முடிகிறது. (எழுபது வருஷத்துப் படம், முடிவைச் சொன்னதற்குச் சண்டைக்கு வராதீர்கள்.) ‘ரஷோமான்’ படத்தில் தலைகீழ். நான்தான் கொன்றேன் என்கிறான் கொள்ளைக்காரன். கத்தி என் கையில்தான் இருந்தது என்கிறாள் மனைவி. நானே குத்திக்கொண்டேன் என்கிறது செத்தவனின் ஆவி. பழியை ஆளாளுக்குத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டால் எந்தத் துப்பறிவாளர் என்ன செய்வார்? அங்கே பதிலை ஒளித்துவைக்கவில்லை, பதிலுக்கு வழியே வைக்கவில்லை. பாலசந்தர் எடுத்துக்கொண்டது வீட்டுக்குள் ஒரு தேசத்துரோகி என்கிற கதை, அதை முடிச்சவிழ்க்காமல் விட்டிருந்தால் அசட்டுத்தனமாக இருந்திருக்கும். உசத்தி எது என்றால், ராத்திரி தூக்கம் வேண்டுமானால் ‘அந்த நாள்’.

கேள்வி: கேள்வியோடு முடிந்த கதைக்கு ஜனங்கள் கேட்டுப் பதில் வாங்கியது உண்டா?
– வாசகி, முலுண்ட்

பதில்: உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் விகடனில் வந்தது. மழைநாளில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீடு திரும்பும் பெண்ணை, அம்மா தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சேர்த்துக்கொள்கிறாள். அதெப்படி என்று வாசகர்கள் கொதித்தார்கள். சரி, அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று அவர் ஒரு நாவலே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1977-ல் பீம்சிங் படமாக்க, லட்சுமிக்கு தேசிய விருது. பதில் கேட்டவர்களுக்கு அந்த நாவல் நிம்மதி கொடுத்ததா என்றால், இல்லை. நாவலில் அந்தப் பெண்ணான கங்காவின் வாழ்க்கையைப் படித்த பிறகு, சிறுகதையில் அந்த அம்மா ஊற்றிய தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கேள்வி: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்பதற்கு 2015-லிருந்து 2017 வரை காத்திருந்தோமே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?
– வாசகர், தானே

பதில்: வியாபாரக் கணக்கில். அதில் தப்பும் இல்லை, பதிலைச் சொன்னார்களே! நான் கோபப்படுவது, முதல் பாகத்தில் கேள்வியைத் தொங்கவிட்டு, அது ஓடவில்லை என்றதும் இரண்டாம் பாகத்தை மூட்டை கட்டிவிடுகிறவர்கள் மேல். அந்தப் படங்களுக்கு நீங்கள் வாங்கிய டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பாதிக் காசு எப்போதாவது திரும்பி வரலாம்.