நல்ல இன்சுலேஷன் உள்ள புது வீட்டுக்கு எத்தனை டன் ஹீட் பம்ப் வேண்டும்?

டொராண்டோவில் 2,000 சதுர அடியில், நல்ல இன்சுலேஷனோடு வீடு கட்டுகிறீர்கள். 5 டன் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும், கோடையில் குளிர்விக்கும் மெஷின்; டன் என்பது அதன் திறன் அளவு) போடச் சொல்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது மிக அதிகம்.

சதுர அடியை வைத்து முடிவெடுக்காதீர்கள். சி.எஸ்.ஏ எஃப்280 என்ற கனடாவின் தர முறைப்படி போட்ட வெப்ப இழப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே 22, வெளியே −18 டிகிரி என்றால் வித்தியாசம் 40. டிகிரிக்கு 180 வாட் இழக்கும் வீடென்று வைத்துக்கொண்டால், தேவை 7.2 கிலோவாட்தான். 5 டன் என்பது சுமார் 17.5 கிலோவாட்!

அப்புறம், மெஷின் எவ்வளவு குறைவாக ஓட முடியும் என்பதையும் அவசியம் பாருங்கள். குளிர்காலம் முழுக்க −18 இருப்பதில்லை. வெளியே 5 டிகிரி இருக்கும் நாளில் இதே வீட்டுக்குச் சுமார் 3 கிலோவாட் போதும். அவ்வளவு இறங்க முடியாத மெஷின் நின்று நின்று ஓடும். மின்சாரம் வீணாகும், கம்ப்ரசர் சீக்கிரம் தேயும், கோடையில் வீட்டு ஈரப்பதமும் சரியாகக் குறையாது.

அதற்காக 2 டன் என்றால் 7 கிலோவாட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. குளிர் கூடக் கூடத் திறன் குறையும். −15 டிகிரியில் எத்தனை கிலோவாட் தரும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். கொஞ்சம் போதாவிட்டால், கடுங்குளிர் இரவுகளுக்கு மட்டும் ஒரு சிறிய மின் ஹீட்டரைத் துணைக்கு வைக்கலாம்.