காலையில் டிராக்டர் லிஃப்ட் மக்கர் செய்தால் பம்பில் கை வைக்காதீர்கள், முதலில் ஃபில்டரைப் பாருங்கள்

மன்னார்குடி பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய மாஸி 1035 டிராக்டர், அவருக்குக் கிடைத்ததே செகண்ட் ஹேண்டில். காலையில் ஸ்டார்ட் செய்ததும் லிஃப்ட் கலப்பையை மெதுவாகத்தான் தூக்குகிறது, கூடவே உறுமல் சத்தம். அரை மணி நேரம் ஓடி வண்டி சூடானதும் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் லிஃப்டுக்கு ஆயில் தள்ளும் ஹைட்ராலிக் பம்பை மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். பம்ப் தேய்ந்திருந்தால் நிலைமை நேர் எதிராக இருக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது நன்றாகத் தூக்கும், சூடாகி நீர்த்ததும் உள்ளேயே கசிந்து தொய்ந்துபோகும். உங்களுக்குக் காலையில்தான் தொல்லை, அப்படியென்றால் கெட்டி ஆயிலைப் பம்பால் இழுக்க முடியவில்லை, அதாவது உறிஞ்சும் வழியில் அடைப்பு இருக்கிறது. அந்த உறுமல், ஆயில் போதாமல் பம்ப் திணறுகிற சத்தம். சூடான பிறகும் விட்டுவிட்டு, ஜெர்க் ஜெர்க்காகத் தூக்கினால் மட்டும் பம்பின் நான்கு பிஸ்டன்களில் ஏதோ ஒன்றின் வால்வைச் சந்தேகப்படலாம். நீங்கள் சொன்னதில் அது இல்லை.

இந்த வண்டியில் பம்ப் வெளியே தெரியாது, கியர்பாக்ஸும் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரமும் குளிக்கிற அதே ஆயிலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கியர் தேய்ந்து உதிர்கிற தூளும், சேறடிக்கும்போது உள்ளே போகிற தண்ணீரும் எல்லாம் பம்பின் வாயில் இருக்கிற கம்பி வலை ஸ்ட்ரெயினருக்குத்தான் வந்து சேரும், நான் சொன்ன ஃபில்டர் இதுதான். டெல்டாவில் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றில் ஓட்டுகிற வண்டிகளுக்கு இது அதிகம், கியர் லீவரின் அடியில் இருக்கிற ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தாலே போதும், தண்ணீர் இறங்கிவிடும்.

அதனால் முதல் வேலை ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடியில் தனியாகத் தங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, இரவு முழுக்க நிறுத்திய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டிரெயின் நட்டைச் சற்றே தளர்த்துங்கள், தண்ணீர்தான் முதலில் சொட்டும். அப்புறம் நட்டை இறுக்கி, வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, லிஃப்ட் கைகளை முழுக்க இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு மொத்த ஆயிலையும் வடியுங்கள். டிரெயின் நட் ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் திறக்க வேண்டும். 30 லிட்டருக்குக் குறையாமல் வரும் என்பதால் பாத்திரத்தை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள், வாய்க்காலில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்ட்ரெயினரைக் கழற்றியதும் கழுவ ஓடாதீர்கள், முதலில் வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அதில்தான் தெரியும். சாம்பல் நிறக் களிம்பு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பழைய வண்டியில் அது சகஜம். பித்தளை நிறத்தில் மினுமினுத்தால் ஏதோ ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்கிறது. நகத்தளவு இரும்புச் சில்லு கிடந்தால் கியரோ பேரிங்கோ போயிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் புது ஆயில் ஊற்றுவது வீண். ரப்பர் துணுக்கு என்றால் எங்கோ ஓ-ரிங் உடைந்திருக்கிறது. பிரேக் ஆயிலுக்குள்ளேயே இருக்கிற (ஆயில் பிரேக்) வண்டியாக இருந்து கருப்பு நார் மாதிரி வந்தால் பிரேக் லைனிங்.

வலையை டீசலில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் தேய்த்து, காற்றை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். துடைக்க வேஸ்ட் காட்டனும் வேண்டாம், அதன் நூல் போய் மறுபடி வலையைத்தான் அடைக்கும் (நானே ஒருமுறை அப்படிச் செய்து இரண்டாம் முறை பிரித்திருக்கிறேன்). வலையில் கிழிசல் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பம்ப் வெளியே இருக்கிற வேறு வண்டிகளில் பேப்பர் ஃபில்டரும் இருக்கும், அதைக் கழுவக் கூடாது, புதிதுதான். திருகிப் பூட்டுகிற வகை என்றால் பழைய ரப்பர் வாஷர் ஃபில்டர் பூட்டுகிற தலையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புது வாஷரில் ஆயில் தடவி, வாஷர் படிந்த பிறகு கையால் அரை முதல் முக்கால் சுற்று போதும்.

ஸ்ட்ரெயினரைத் திரும்பப் பூட்டும்போது பழைய ஓ-ரிங்கையே போட்டுவிடாதீர்கள். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே கசியாது, ஆயில் மட்டம் குறைந்திருக்கும்போது காற்றுதான் உள்ளே போகும், டிப் ஸ்டிக்கில் நுரை நிற்கும், அப்புறம் பம்ப் மேல்தான் பழி.

இன்ஜின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், கையேட்டில் சொன்ன கிரேடு டிரான்ஸ்மிஷன் ஆயில்தான். ஊற்றியதும் ஐடிலில் விட்டு, கலப்பை மாட்டாமல் ஏழெட்டு முறை லிஃப்டை ஏற்றி இறக்குங்கள், காற்று வெளியேறிவிடும். பிறகு கைகளை இறக்கிவிட்டு மட்டம் பாருங்கள், தூக்கிய நிலையில் பார்த்தால் குறைவாகக் காட்டும்.

இந்த ஆயிலுக்குப் பெரும்பாலும் 1000 மணி நேரம் என்று சொல்வார்கள், ஆனால் பழைய வண்டியில் மணி மீட்டர் எங்கே ஓடுகிறது! சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு பருவத்திலும் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். டிப்பர் டிரெய்லர் மாட்டுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும், டிரெய்லரைத் தூக்குகிற சிலிண்டரில் கிடக்கிற அழுக்கு ஆயிலும் குழாய் முனையில் ஒட்டிய மண்ணும் உங்கள் வண்டிக்குள்தான் வரும்.

இவ்வளவும் செய்து பத்து நாள் ஓட்டிய பிறகும் காலை உறுமல் அப்படியே இருந்தால், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பம்பைப் பிரிக்கச் சொல்லுங்கள்.