பால் அப்புறம், முதலில் சூடு: தெருப்பூனைக் குட்டிகளைத் தேற்றுவது பற்றிச் சில கேள்விகள்

தாயில்லாத தெருப்பூனைக் குட்டிகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்துக் கொடுப்பதைச் சென்னையில் 12 வருடங்களாகச் செய்து வருகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. கைப்பழக்கத்தில் கற்றதையும், மருத்துவர்கள் எனக்குச் சொல்லித் தந்ததையும் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் மாடிப்படிக்குக் கீழே மூன்று குட்டிகள் கிடக்கின்றன. இன்னும் கண் திறக்கவில்லை. தாயைக் காணோம். எடுத்து வந்துவிடட்டுமா? (தாம்பரம்)

அவசரப்படாதீர்கள் தம்பி. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும், நீங்கள் பார்த்தது அதன் பாதி வேலையாக இருக்கலாம். இரை தேடவும் போயிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது வராது. சற்றுத் தள்ளிச் சுற்றிலும் கோலமாவு தூவிவிட்டு, சில மணி நேரம் கழித்துக் கால்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும். குட்டிகள் வயிறு நிறைந்து தூங்கினால் தாய் வந்துபோகிறது என்று அர்த்தம். உடம்பு சில்லிட்டிருந்தாலோ, விடாமல் கத்தினாலோ, எறும்பு மொய்த்தாலோ காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதை நம்பாதீர்கள்.

நேற்றிரவு ஒரு குட்டியைக் கொண்டுவந்தோம். பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் கொடுத்தோம், குடிக்க மறுக்கிறது. (மதுரை)

முதலில் பாலாடையைக் கீழே வையுங்கள். குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா? பிறந்து மூன்று, நான்கு வாரம் வரை தன் உடம்புச் சூட்டை அதனால் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் செரிக்காது. ஆரம்பத்தில் இது தெரியாமல், பசிக்கிறதே என்று அவசரமாகப் பால் புகட்டி ஒரு குட்டியை இழந்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு வெதுவெதுப்பான பிறகுதான் பால்.

பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும், அதிலேயே நீர் வற்றிவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது, அளவு டப்பாவில் இருக்கும். சிறிய ஃபீடிங் பாட்டிலில் கொடுங்கள். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். பாலாடை வேண்டாம் என்றதும் இதனால்தான். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புற இருக்கட்டும், தலை லேசாக நிமிர்ந்தால் போதும். முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். எடை இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீரே போகவில்லையே? (அதே வாசகர்)

தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் மெல்லத் துடைத்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் வரை ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் இது வேண்டும்.

அறையைப் பினாயில் போட்டுத் துடைக்கலாமா? தெள்ளுப்பூச்சிக்கு எங்கள் நாயின் மருந்தைப் போடலாமா? (கோவை)

இரண்டுமே கூடாது. பினாயில், டெட்டால் இரண்டும் பூனைக்கு நஞ்சு. ஈரத்தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். நாய்களுக்கான பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு, அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். தெள்ளுக்கு நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரிச் சோப்புத் தண்ணீரில் உதறுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனையோடு சேர்த்து விடலாமா? (திருச்சி)

இரண்டு வாரமாவது தனி அறை. பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் குட்டிகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடும், கிருமி மாதக்கணக்கில் இடத்திலேயே இருக்கும்.

ஆறு வாரக் குட்டி, கிட்டப் போனாலே சீறுகிறது. கோபக்காரக் குட்டியா? (வேளச்சேரி)

கோபம் இல்லைம்மா, பயம். இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் மனிதரோடு பழகினால் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மாதம் தாண்டினால் கஷ்டம். அதனால் நாளைக் கடத்தாதீர்கள். பெரிய ஹாலில் விட்டால் சோஃபாவுக்கு அடியில் போய் ஒளியும், சிறிய அறையே நல்லது. தரையில் உட்கார்ந்து, கண்ணை உற்றுப் பார்க்காமல், சும்மா பேசிக்கொண்டிருங்கள். வேகவைத்த கோழியை உப்பு, மசாலா இல்லாமல் மசித்து ஸ்பூனில் நீட்டுங்கள். ஸ்பூனிலிருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டால் விரலுக்கு வந்துவிடும். விரலிலிருந்து மடிக்கு வர ஒரு வாரமும் ஆகலாம்.

கடித்தாலோ கீறினாலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள், ரேபிஸ் பூனையிடமிருந்தும் வரும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்.

வளர்ந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாமா? (தாம்பரம்)

கையில் வளர்ந்த குட்டிக்கு நாயும் தெரியாது, வண்டியும் தெரியாது. வீடு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள். முதல் தடுப்பூசி போட்டு, கருத்தடைக்கு வாக்குறுதி வாங்கி, முடிந்தால் ஜோடியாகக் கொடுங்கள். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அது படுத்துப் பழகிய துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். புது வீட்டில் முதல் ராத்திரி அந்த வாசனையில்தான் தூங்கும்.